அற்புத எண்ணெய் உபகுழு

மனித குலம் எண்ணெயின் மீது பெற்ற மாபெரும் வெற்றி, 1974ஆம் ஆண்டின் இறுதியில், மெல்பேர்ண் நகரத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றின் மூன்றாம் மாடியில், தட்டச்சு இயந்திரத்துக்கும் தேநீர் மேசைக்கும் நடுவே நிகழ்ந்தது. அராபியரால் முடியாதது, அமெரிக்கரால் முடியாதது, எங்களால் முடிந்தது. இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. தற்பெருமை கொள்வதற்கு எங்கள் கந்தோரில் தனியே ஒரு பணிப்பாளர் இருந்தார்.

கந்தோரின் பெயர் எரிபொருட் சிக்கன ஆலோசனைச் சபை. முந்திய வருடம் அராபிய நாடுகள் எண்ணெயை நிறுத்தி உலகத்தை மிரட்டியபோது, எரிபொருளை மிச்சம் பிடிப்பது எப்படி என்று அரசாங்கத்துக்குப் புத்தி சொல்வதற்காக எங்களை நியமித்தார்கள். புத்தி சொல்ல நாங்கள் ஆளுக்கொரு காரில் வந்தோம். குளிரூட்டியைப் போட்டோம். குளிர் தாங்க முடியாமல் ஜன்னல்களைத் திறந்தோம். ஜன்னல் வழியே வந்த வெக்கையைப் பற்றி விசேட கூட்டம் ஒன்று வைத்தோம். வேலை கடுமையானதுதான்.

பணிப்பாளர் மிஸ்டர் பிரிச்சார்ட் ஆழ்ந்து யோசிக்கும் பழக்கம் உடையவர். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அறைக்குள் போய்க் கண்களை மூடி யோசிப்பார். சில நாட்களில் அவருடைய யோசனையின் சத்தம் தேநீர் மேசை வரைக்கும் கேட்கும். அவருக்கு அடுத்தவர் கொலின். புள்ளிவிபர உத்தியோகத்தர், தொழிற்சங்கப் பிரதிநிதியும் அவரே. புள்ளிவிபரங்களில் அவருக்கு இருந்த ஆர்வம் பத்திரிகையின் குதிரைப் பந்தயப் பக்கத்தோடு தொடங்கி அந்தப் பக்கத்தோடேயே முடிந்துவிடும். மூன்றாவது ஆள் நான். பொறியியலாளர் அரியரத்தினம், யாழ்ப்பாணம். இந்தப் பெயர் அங்குள்ளவர்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே அதை வெட்டிக் குறுக்கி 'ஹாரி' ஆக்கி, அந்தச் சத்திரசிகிச்சைக்கு என்னையே நன்றியும் சொல்ல வைத்தார்கள்.

ஒரு விளக்கம். இந்த வரலாற்றில் வரும் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஆங்கிலம்தான் பேசினார்கள். நான் தமிழில் எழுதும்போது அது யாழ்ப்பாணத்துத் தமிழாகத்தான் வருகிறது. மிஸ்டர் பிரிச்சார்ட்டுக்கு இதில் ஆட்சேபனை இருந்திருக்காது. அவர் எந்த மொழியிலும் அதிகம் சொன்னவர் அல்லர்.

நாங்கள் குடியிருந்தது கிழக்கு சென் கில்டாவில், செங்கல் அடுக்குமாடி ஒன்றில். என் மனைவி சிவனேஸ்வரி ஆஸ்பத்திரியில் தாதி. ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் ட்ராமில் வந்து இறங்கி, வீட்டு வேலையைத் தொடங்குவாள். போதாக்குறைக்கு, ஊரில் இருந்து படிக்க வந்த மகேந்திரராஜா என்ற பையன் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். அவன் படித்ததை நான் பார்க்கவில்லை, சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஸில்பர்மன் குடும்பம். யூதர்கள். மிஸ்டர் ஸில்பர்மன் இரண்டு தெரு தள்ளிப் பேக்கரி வைத்திருந்தார். ஊர் எழும்புவதற்கு முன் எழும்பி மாவுக்குள் இறங்கும் மனிதர். அவர்களுடைய ஒரே மகள் ரிவ்கா. ஒன்பது வயது, பெரிய மூக்குக்கண்ணாடி, அதைவிடப் பெரிய கேள்விகள்.

ஒரு நாள் பின்னேரம் அவள் எங்கள் கதவைத் தட்டினாள். கண்ணாடிக்குள்ளே கண் கலங்கியிருந்தது.

"அங்கிள், நீங்கள் எண்ணெய் மிச்சம் பிடிக்கிற விஞ்ஞானிதானே?"

நான் அடக்கத்தோடு தலையசைத்தேன். குசினிக்குள் வடை சுட்டுக்கொண்டிருந்த சிவனேஸ் பதில் சொன்னாள்: "ஓம் பிள்ளை, கந்தோரில பிடிக்கிறாராம். வீட்டில இன்னும் பிடிக்கத் தொடங்கேல்ல."

ரிவ்கா கதிரையில் ஏறி இருந்து விஷயத்தைச் சொன்னாள்.

"எங்கட ஹனுக்காப் பண்டிகை வருது. முந்தி ஒரு கெட்ட ராசா எருசலேமில எங்கட கோயிலைப் பிடிச்சு ஊத்தையாக்கிப் போட்டான். எங்கட ஆக்கள் சண்டை பிடிச்சு அதைத் திருப்பி எடுத்தவை. எடுத்துப் பாத்தா, விளக்கேத்த நல்ல எண்ணெய் ஒரேயொரு சாடிதான் இருந்தது. ஒரு நாளைக்குத்தான் காணும். ஆனா அது எட்டு நாள் எரிஞ்சது! அதுக்கிடையில புது எண்ணெய் பிழிஞ்சு எடுத்திட்டினம்."

"நல்ல கதை. அதுக்கேன் அழுறீர்?"

"பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சியில நான் அதைத்தான் செய்யப்போறன் எண்டு சொன்னனான். அற்புதத்துக்கெல்லாம் மேசை தர ஏலாது எண்டு ரீச்சர் சொல்லிப்போட்டா. எல்லாரும் சிரிச்சவை. ஆனா டேவிட்டின்ர எரிமலைக்கு மேசை குடுத்தவ. அது வெறும் வினாகிரியும் சோடாவும்!"

"எரிமலை விஞ்ஞானம் பிள்ளை."

"நான் அற்புதம் எண்டு நிரூபிக்க வரேல்ல அங்கிள். சோதிச்சுப் பாக்க வேணும். எட்டு நாள் எரிஞ்சா ஏன் எரியுது, எரியாட்டி ஏன் எரியேல்ல. அது விஞ்ஞானம் இல்லையே?"

நான் இந்த விடயம் உரிய முறையில் பரிசீலிக்கப்படும் என்று சொன்னேன். அரசாங்க மொழியில் இதற்குப் பொருள், இனி இதைப் பற்றி எவரும் எதுவும் கேட்கக் கூடாது என்பது. ரிவ்காவுக்கு அரசாங்க மொழி தெரியாது. "தாங்க்ஸ் அங்கிள்!" என்று இரண்டு வடையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

அடுத்த நாட் காலையில் மிஸ்டர் பிரிச்சார்ட் அவசரக் கூட்டம் கூட்டினார். அவருடைய முகத்தில் இதுவரை நாங்கள் பார்த்திராத ஓர் உணர்ச்சி தெரிந்தது. விழிப்பு.

"கன்பெராவில இருந்து ஃபோன் வந்தது," என்றார். "நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் நாங்கள் ஏதாவது கண்டுபிடிச்சுக் காட்டாட்டி, சபையை மூடிப்போடுவினமாம்."

"மூடினா அவைக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டார் கொலின்.

"எங்கட சம்பளம் மிச்சம்."

இவ்வளவு பெரிய சிக்கனம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது எங்கள் ஒருவருக்கும் இதுநாள் வரை தோன்றவில்லை.

நான் யோசித்தேன். வேலை போனால் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் வீட்டு வேலை செய்ய வேண்டும். இந்த இரண்டாவது அபாயம்தான் என் வாயைத் திறக்க வைத்தது.

"சேர், ஒரு நாள் எண்ணெயை எட்டு நாளைக்கு எரிக்கிற முறை ஒண்டு இருக்கு."

"எந்தக் கொம்பனி?"

"கொம்பனி இல்லை சேர். சமயம்."

"எப்ப கண்டுபிடிச்சது?"

"ரண்டாயிரம் வருசத்துக்கு மேல இருக்கும்."

மிஸ்டர் பிரிச்சார்ட் கதிரையை விட்டு எழும்பினார். "அப்ப காப்புரிமை காலாவதியாகியிருக்கும்!"

அந்த நிமிடமே 'அற்புத எண்ணெய் உபகுழு' ஏகமனதாக நிறுவப்பட்டது. தலைவர் பிரிச்சார்ட், உறுப்பினர் கொலின், செயலாளர் நான். முதற் கூட்டத்தில் அடிப்படைக் கேள்வி ஒன்று எழுந்தது: அற்புதம் இருப்பது எண்ணெயிலா, திரியிலா, சாடியிலா? கொலின் சாடியில் என்றார். அதை நேரில் ஆராய எருசலேமுக்கு ஒரு தூதுக்குழு போக வேண்டும், மனைவிமாரும் போக வேண்டும் என்று பிரேரித்தார். பிரிச்சார்ட் ஆமோதிக்க வாயெடுத்த நேரத்தில், நத்தாருக்கு முன் விமானத்தில் இடம் இல்லை என்று தெரியவந்தது.

"பக்கத்து வீட்டிலயே ஒரு நிபுணர் இருக்கிறா சேர்," என்றேன் நான்.

"என்ன கட்டணம் கேப்பா?"

"ஒண்டும் கேக்க மாட்டா. தேப்பன் பேக்கரி வைச்சிருக்கிறார். ஜாம் டோனட்டும் கொண்டுவருவா."

வெளி ஆலோசகர் ஏகமனதாக நியமிக்கப்பட்டார்.

அடுத்த வாரம், பள்ளிக்கூடம் விட்டதும், ஆலோசகர் சீருடையோடு வந்தார். ஒரு கையில் டோனட் பெட்டி, மறு கையில் ஒரே மாதிரியான மூன்று கண்ணாடிக் கிண்ணங்கள். முந்திய ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவளும் சிவனேஸும் மாறி மாறிக் காவல் இருந்து, ஒரு விளக்கு ஓர் இரவும் ஒரு பகலும் எரிய எவ்வளவு ஒலிவ் எண்ணெய் போகும் என்று அளந்து வைத்திருந்தார்கள். மூன்று கிண்ணத்திலும் அதே அளவு எண்ணெய், அதே நீளத்துத் திரி.

"இது உங்களுக்கு," என்று ஒரு கிண்ணத்தைத் தேநீர் மேசையில் வைத்தாள். "மற்ற ரண்டும் கொன்ட்ரோல்."

மிஸ்டர் பிரிச்சார்ட் பெருந்தன்மையோடு சிரித்தார். "கொன்ட்ரோல் முழுக்க எங்கட கையில இருக்கு பிள்ளை. நாங்கள் அரசாங்கம்."

"இல்லை மிஸ்டர் பிரிச்சார்ட். ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு. ஒண்டு அப்பாவின்ர பேக்கரியில. மற்றது சிவனேஸ் அன்ரியின்ர குசினியில."

அப்போது கொலின் எழும்பி நின்றார். கையில் டோனட் இருந்தாலும் குரலில் தொழிற்சங்கம் இருந்தது.

"அரசாங்கக் கட்டிடத்துக்குள்ள நெருப்பு எரிஞ்சா ஆராவது பாத்துக்கொண்டிருக்க வேணும். விளக்குப் பாக்கிறது எங்கட வேலை இல்லை. எங்கட ஆக்கள் வேலை செய்துகொண்டிருக்கேக்க, பக்கத்தில அது பாட்டுக்கு எரியட்டும். வேலை இல்லாத நேரத்தில எரியப்படாது."

நியாயமான கோரிக்கை. மிஸ்டர் பிரிச்சார்ட் உடனே விதியை இயற்றினார். அதன் கம்பீரத்துக்காக அப்படியே தருகிறேன்: 'மேற்படி விளக்கானது உத்தியோகத்தர் எவரேனும் தமது கடமையில் ஈடுபட்டிருக்கும் வேளையில் மாத்திரம் எரிதல் வேண்டும். கடமை நிற்குமிடத்து விளக்கும் நிற்கும்.'

ரிவ்கா சிறிது நேரம் யோசித்தாள். "அப்ப மற்ற ரண்டு விளக்குக்கும் அதே சட்டம்தான். அங்கயும் வேலை நடக்கேக்க மட்டும்தான் எரியும். சரியே?"

"தாராளமா," என்றார் பணிப்பாளர்.

விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் என் பொறுப்பு. பதவிப் பெயர் 'தீபப் பொறுப்பு உத்தியோகத்தர்'. அதை நான் நேர்மையோடு செய்தேன் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். எங்கள் கந்தோரின் சரித்திரத்தில் ஒருவர் ஒரு வேலையை நேர்மையோடு செய்ததால் விளைந்த ஒரே விபத்து இதுதான்.

முதல் நாள் காலையில் எல்லாரும் வந்து சேர்ந்ததும் தீப்பெட்டியோடு தயாராக நின்றேன். எல்லாரும் கோட்டைக் கழற்றினார்கள். கோட்டைக் கழற்றுவது கடமையா? இல்லை. தேநீர் வந்தது. தேநீரும் கடமை இல்லை. பிறகு றேடியோவைப் போட்டார்கள். இங்கிலாந்து அணி வந்து பிறிஸ்பேனில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர்கள் இங்கிலாந்துக்காரரின் விலா எலும்புகளைக் குறிபார்த்து எறிந்துகொண்டிருந்தார்கள். எரிபொருளோடு இதற்கு இருந்த தொடர்பை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒருவழியாகத் தட்டச்சுப் பெண் ஒரு கடிதம் அடிக்கத் தொடங்கினாள். விளக்கை ஏற்றினேன். கடிதம் முடிந்தது. அணைத்தேன். கொலின் பென்சிலை எடுத்து ஏதோ கணக்குப் போடத் தொடங்கினார். ஏற்றினேன். எட்டிப் பார்த்தேன், ஃபிளெமிங்டன் குதிரைப் பந்தயத்தில் மூன்றாவது ஓட்டம். அணைத்தேன். பிரிச்சார்ட் தொலைபேசியில் மிகுந்த அதிகாரத்தோடு உத்தரவுகள் பிறப்பிக்கும் சத்தம் கேட்டது. ஏற்றினேன். கடற்கரை வீட்டுக்குப் பூசுவது நீலமா பச்சையா என்று மனைவியோடு வாதம். அணைத்தேன்.

இதற்கிடையில் எனக்குச் சட்டச் சிக்கல் ஒன்று வந்துவிட்டது. விளக்கை அணைப்பது என் கடமை. நான் அணைக்கும்போது கடமையில் ஈடுபட்டிருக்கிறேன். கடமை நடந்தால் விளக்கு எரிய வேண்டும். ஆகவே ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டுக் கதிரையில் இருந்தால் கடமை நின்றுவிடுகிறது. ஆகவே அணைக்க வேண்டும். கால் மணி நேரமாக நான் ஏற்றி அணைத்து ஏற்றி அணைப்பதைக் கண்ட தட்டச்சுப் பெண், ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணவா என்று கேட்டாள். உபகுழு அவசரமாகக் கூடி, நான் செய்வது எதுவும் வேலை அல்ல என்று தீர்மானித்தது. பெரும் ஆறுதலாக இருந்தது.

இரண்டாம் நாள் பேக்கரி விளக்கு அணைந்துபோனது. மிஸ்டர் ஸில்பர்மன் மாவுக் கையோடு வந்து கவலையோடு சொன்னார்: "நான் ஒண்டும் பிழையாச் செய்யேல்ல. விடியப்புறம் ஏத்தினன், கடை பூட்டேக்க நூத்தினன். இண்டைக்கு மத்தியானமே எண்ணெய் முடிஞ்சுது."

மூன்றாம் நாள் எங்கள் குசினி விளக்கும் போய்விட்டது. "ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோயிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும்," என்றாள் சிவனேஸ், மகேந்திரராஜாவுக்கு நாலாவது தோசையைப் போட்டபடி.

கந்தோர் விளக்கோ? கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தோம். எண்ணெய் ஒரு நகக் கண்ணளவு இறங்கியிருந்தது.

செய்தி கட்டிடம் முழுக்கப் பரவியது. கீழ்மாடி மீன்வளத் திணைக்களத்தார் ஏறி வந்தார்கள். மேல்மாடி வீதிப் பராமரிப்பார் இறங்கி வந்தார்கள். எல்லாரும் தேநீர் மேசையைச் சுற்றி நின்று அதிசயத்தைப் பற்றிப் பேசினார்கள். பேசப் பேச எங்கள் கந்தோரில் மிச்சமிருந்த கொஞ்ச வேலையும் நின்றது. வேலை நின்றதால் நான் விளக்கை அணைத்தே வைத்தேன். எண்ணெய் இன்னும் குறையாமல் நின்றது. அதைப் பார்க்க இன்னும் ஆட்கள் வந்தார்கள்.

எட்டாம் நாள் முடிவில் கால்வாசி எண்ணெய்கூடச் செலவாகியிருக்கவில்லை.

"இந்த விகிதத்தில போனா முப்பது நாளைக்கு மேல எரியும்!" என்று கூவினார் பிரிச்சார்ட். "நாங்கள் அற்புதத்தை மிஞ்சிட்டம்!"

"வேதத்தை மிஞ்சிறது மரியாதை இல்லை சேர்," என்றார் கொலின்.

சமய நல்லிணக்கத்தை முன்னிட்டு, அறிக்கையில் 'குறைந்தபட்சம் எட்டு நாள்' என்று எழுதினோம். விளக்குக்குத் திரி எவ்வளவு அவசியமோ, அறிக்கைக்குத் திரிப்பும் அவ்வளவு அவசியம். கீழே கையெழுத்திட்டவன் பொறியியலாளர் என்ற முறையில் நான்.

கன்பெராவில் இருந்து ஒரு பெரியவர் நேரில் புறப்பட்டு வந்தார். ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்றார். ஆலோசகருக்கு அன்று விஞ்ஞானக் கண்காட்சி. ஆகவே பெரியவர், பிரிச்சார்ட், கொலின், நான் நாலு பேரும் நாலு காரில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அரசாங்கமே வருகிறது என்று கேள்விப்பட்ட ரீச்சர், எரிமலையைத் தள்ளி வைத்துவிட்டு ரிவ்காவுக்கு நடுவிலே மேசை போட்டிருந்தார்.

மேசையில் மூன்று கிண்ணங்கள். பேக்கரிக் கிண்ணம் வெறுமை. குசினிக் கிண்ணம் வெறுமை. கந்தோர்க் கிண்ணத்தில் எண்ணெய் முக்கால்வாசிக்கு மேல் நின்றது.

"என்ன இரகசியம் பிள்ளை?" என்று குனிந்து கேட்டார் பெரியவர்.

"ஒரு இரகசியமும் இல்லை. மூண்டும் ஒரே போத்தல் எண்ணெய். வேலை நடக்கேக்க மட்டும்தான் எரிஞ்சது. பேக்கரியில அப்பா வேலை செய்தவர். குசினியில அன்ரி வேலை செய்தவ." அவள் கந்தோர்க் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். பாவம், மரியாதை தெரிந்த பிள்ளை.

ரீச்சர் இருமினார். "அப்ப அந்த எருசலேம் விளக்கும் இப்பிடித்தானா ரிவ்கா? அது அற்புதம் இல்லையா?"

"இல்லை மிஸ், அது வேற. அங்க எல்லாரும் இரவு பகலா ஊத்தையான கோயிலைக் கழுவித் துடைச்சு, எண்ணெய் பிழிஞ்சு, வேலை செய்துகொண்டு இருந்தவை. விளக்கை ஒருத்தரும் நூக்கவே இல்லை. அப்பிடியிருந்தும் எட்டு நாள் எரிஞ்சது. அது ஏன் எண்டு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா கந்தோரில எரிஞ்சது ஏன் எண்டு தெரியும்."

மண்டபத்தில் டேவிட்டின் எரிமலை பொங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ரீச்சர் முதற்பரிசு நாடாவை எடுத்து ரிவ்காவின் சட்டையில் குத்தினார். மிஸ்டர் ஸில்பர்மன் பேக்கரியை மத்தியானமே பூட்டிவிட்டு வந்திருந்தார். கண்ணைத் துடைத்து முகமெல்லாம் மாவாக்கிக்கொண்டார்.

பிரிச்சார்ட்டின் முகம் வெளிறிப்போயிருந்தது. பெரியவர் வெறுங்கிண்ணங்களை மாறி மாறிப் பார்த்து, நீண்ட நேரம் யோசித்தார். அவர் யோசித்தது கண்ணைத் திறந்துகொண்டு. பதவி உயர உயர இதெல்லாம் வரும்.

"பிரிச்சார்ட், நிலைமை பாரதூரமானது," என்றார் கடைசியில். "இந்த நாட்டில பேக்கரிகளும் குசினிகளும் எவ்வளவு எண்ணெயை வீணாக்குது எண்டு பாத்தீரா? உங்கட கந்தோரிட்ட அவை படிக்க வேணும்!"

சபையின் ஆயுள் மூன்று வருடத்துக்கு நீட்டப்பட்டது. கொலினுக்கு உதவியாளர் கிடைத்தார். 'இல்லத்தரசிகளே, எண்ணெயை விரயமாக்காதீர்!' என்ற தலைப்பில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதும் பொறுப்பு பதவி உயர்வோடு எனக்கு வந்தது. எழுதி முடித்து, முதற் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து சிவனேஸிடம் கொடுத்தேன். அதிசயக் கிண்ணத்தையும், அதில் மீந்த எண்ணெயையும் ஞாபகச்சின்னமாகக் கொண்டுவந்திருந்தேன். அவள் பிரசுரத்தை நின்ற நிலையிலேயே வாசித்தாள். வாசித்துவிட்டு, அதன் மேல் சூடான சட்டியை இறக்கி வைத்தாள்.

ஹனுக்காவின் முதல் நாள் பின்னேரம் ஸில்பர்மன் வீட்டில் எங்களுக்கு விருந்து. டிசம்பரில் மெல்பேர்ணில் பொழுது சாய எட்டு மணி தாண்டிவிடும். இருட்டும்வரை காத்திருந்து, ஜன்னலோரத்தில் ரிவ்கா விளக்கேற்றினாள். எல்லாரும் பாடினார்கள். எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு அடை வந்தது. மகேந்திரராஜா அந்த மதத்தில் சேர எவ்வளவு காலம் எடுக்கும் என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டான்.

சாப்பிட்டு முடிய, பழக்கதோஷத்தில் சிவனேஸ் சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினாள். மிஸஸ் ஸில்பர்மன் அவளுடைய கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்.

"விளக்கு எரியேக்க பொம்பிளையள் வேலை செய்யப்படாது. அது எங்கட வழக்கம்."

"எவ்வளவு நேரத்துக்கு?" என்று கேட்டாள் சிவனேஸ்.

"விளக்கு எரியுமட்டும்."

குசினிக்குள் மிஸ்டர் ஸில்பர்மன் சீட்டியடித்தபடி கோப்பை கழுவும் சத்தம் கேட்டது. சிவனேஸ் அந்தச் சின்னஞ்சிறு சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் அவள் ஒரு விளக்கை அவ்வளவு பக்தியோடு பார்த்து நான் கண்டதில்லை.

மறுநாட் பின்னேரம் பதவி உயர்ந்த களைப்போடு வீடு திரும்பினேன். குசினியில் சத்தம் இல்லை, வாசம் இல்லை. மகேந்திரராஜா வெறும் கோப்பைக்கு முன்னால் திகைத்துப்போய் இருந்தான். முன்னறையில் சிவனேஸ் கதிரையில் சாய்ந்து, இன்னொரு கதிரையில் காலை நீட்டி, பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் என் கந்தோர்க் கிண்ணம், உள்ளே அரசாங்க எண்ணெய், புதுத் திரி. சுடர் அசையாமல் நிமிர்ந்து எரிந்துகொண்டிருந்தது.

"சாப்பாடு?" என்றேன்.

"விளக்கு எரியுது."

"அது அவையின்ர வழக்கம். நாங்கள் சைவ சமயம்."

"எண்ணெய் ஆர்ர?"

"அரசாங்கத்தின்ர."

"எத்தினை நாள் எரியும் எண்டு அரசாங்கம் எழுதியிருக்கு?"

"குறைந்தபட்சம்… எட்டு நாள்."

"கீழ கையெழுத்து வைச்சது ஆர்?"

நான் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தடவினேன்.

"அப்ப எட்டு நாளைக்குக் குசினி உங்கட," என்று சொல்லிப் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "இல்லை, இது அவ்வளவு நாள் எரியாது எண்டால் சொல்லுங்கோ. ஏன் எரியாது எண்டும் சொல்லுங்கோ. இப்பவே எழும்பிச் சமைக்கிறன்."

வாயைத் திறந்தேன். அந்த எண்ணெய் நாளை மத்தியானமே தீர்ந்துவிடும் என்று எந்தப் பொறியியலாளருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால், கந்தோரில் அது ஏன் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த எட்டு நாளும் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை, ஆஸ்பத்திரியில் இருந்து இப்போதுதான் வந்து காலை நீட்டியிருக்கும் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதைவிட வெங்காயம் உரிப்பது சுலபம் என்று முடிவுசெய்து குசினிக்குள் போனேன்.